அமெரிக்க அதிபர் அரசியலில் பழமைவாதம் எப்படி மேலெழுந்தது?

1964 நவம்பரில் நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் பேரி கோல்டுவாட்டர் 44 மாநிலங்களில் தோற்றார். மொத்த வாக்குகளில் அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 38.5 விழுக்காடுதான். அவர் முன்வைத்த கொள்கை இனித் தலையெடுக்காது என்று அன்றைய அரசியல் நோக்கர்கள் பலர் முடிவுகட்டினார்கள். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1980இல், ஏறத்தாழ அதே கொள்கையைப் பேசிய ரொனால்டு ரீகன் 44 மாநிலங்களில் வென்றார். 1984இல் அவர் மறுபடியும் நின்றபோது 49 மாநிலங்கள் அவர் பக்கம் வந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் அமெரிக்க வாக்காளர்களிடமும் கட்சிகளிடமும் என்ன நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இந்த மாற்றத்தை ரீகன் என்ற ஒருவரின் பேச்சாற்றலால் விளைந்ததாகச் சொல்லிவிடுவது எளிது. முன்னாள் திரைப்பட நடிகரான அவருக்கு அந்த ஆற்றல் இருந்தது உண்மைதான். ஆனால் வரி கட்டிச் சலித்த வீட்டு உரிமையாளர், அரசுப் பள்ளியில் ஜெபம் நின்றுபோனதை ஏற்க முடியாத தேவாலய உறுப்பினர், சோவியத் ஒன்றியத்தின் வளர்ச்சியைக் கண்டு அஞ்சியவர், கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தந்த சட்டங்களை வெறுத்த தென்மாநில வெள்ளையர் எனத் தனித்தனிக் குறைகளோடு இருந்தவர்கள் அனைவரும் ஒரே பெயருக்கு வாக்களிக்க வந்துசேர்ந்ததுதான் அங்கே நடந்தது. பழமைவாதம் ஒரு தத்துவமாக வாதிட்டு வென்றது என்பதைவிட, வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசே உங்கள் குறைக்குக் காரணம் என்று வெவ்வேறு மக்களை நம்பவைத்து வென்றது என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், இந்த வரலாற்றில் வரும் முரண்பாடுகள் பலவும் விளங்கும்.

முதலில் பழமைவாதிகள் என்பவர்கள் யார் என்று பார்த்துவிடலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் மூன்று வகையினர் அந்தப் பெயருக்கு உரியவர்களாக இருந்தார்கள். வரியும் அரசுக் கட்டுப்பாடும் குறைந்தால்தான் மனிதன் சுதந்திரமாக வாழ முடியும் என்று நம்பிய சந்தை ஆதரவாளர்கள் ஒரு வகை. கம்யூனிசத்தை உலகெங்கும் எதிர்த்து நிற்க வேண்டும் என்பவர்கள் இன்னொரு வகை. மதம், குடும்பம், மரபான ஒழுக்கம் ஆகியவை சிதையக் கூடாது என்று கவலைப்பட்டவர்கள் மூன்றாம் வகை. இவர்களுக்குள் இயல்பான ஒற்றுமை கிடையாது. தனிமனித சுதந்திரத்தை முழுமையாக நம்புபவர் ஒருவருடைய ஒழுக்கத்தில் அரசு தலையிடுவதை விரும்பமாட்டார். மரபை நம்புபவருக்கோ அந்தத் தலையீடு சில இடங்களில் தேவைப்படும். கம்யூனிசத்தை எதிர்க்கப் பெரிய படை வேண்டும். பெரிய படைக்கு வரியும் பெரிய அரசும் வேண்டும்.

வில்லியம் பக்லி 1955இல் தொடங்கிய ‘நேஷனல் ரிவ்யூ’ என்ற இதழ் இந்த மூவரையும் ஒன்றாக உட்காரவைக்க முயன்றது. தானே விரும்பி ஏற்கும்போதுதான் ஒழுக்கம் ஒழுக்கமாகும், ஆகவே சுதந்திரமும் மரபும் ஒன்றையொன்று நாடி நிற்பவை என்று அதன் ஆசிரியர் குழுவில் இருந்த ஃபிராங்க் மேயர் வாதிட்டார். அந்த வாதம் எல்லோரையும் நிறைவு செய்யவில்லை என்றாலும் சேர்ந்து வேலை செய்ய அது போதுமானதாக இருந்தது. அதே இதழ் 1957இல், தென்மாநிலங்களில் வெள்ளையர் கை ஓங்கியிருப்பதை நியாயப்படுத்தித் தலையங்கம் எழுதியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த இழை பின்னால் மிகவும் கனத்துவிட்டது.

இவர்கள் எதிர்த்தது எதை? 1932 தேர்தலில் வென்று 1933இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதிபரான பின் கொண்டுவந்த ‘நியூ டீல்’ எனப்படும் திட்டத் தொகுதியும், அது உருவாக்கிய அரசியல் ஏற்பாடுமே அவர்களுடைய இலக்கு. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையும் சேமிப்பும் இழந்த மக்களுக்கு மத்திய அரசு நேரடியாகக் கைகொடுத்தது. 1935இல் முதியோர் ஓய்வூதியத்துக்கு வழிசெய்யும் சமூகப் பாதுகாப்புச் சட்டமும், தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையைக் காக்கும் சட்டமும் வந்தன. இதன் பயனாக வடக்கின் ஆலைத் தொழிலாளர்கள், கத்தோலிக்கர்கள், யூதர்கள், வடமாநில நகரங்களின் கறுப்பின வாக்காளர்கள், தெற்கின் வெள்ளையர்கள் ஆகியோர் ஜனநாயகக் கட்சியின் குடையின்கீழ் வந்தார்கள். 1932 முதல் 1964 வரை நடந்த ஒன்பது அதிபர் தேர்தல்களில் ஏழில் அக்கட்சியே வென்றது. மற்ற இரண்டில் வென்ற குடியரசுக் கட்சியின் ஐசன்ஹோவரும் நியூ டீலைக் கலைக்கவில்லை. சமூகப் பாதுகாப்பை விரிவுபடுத்தவே செய்தார். ஆகவே பழமைவாதிகளின் கோபம் எதிர்க்கட்சியின்மீது இருந்த அளவுக்குத் தம் கட்சித் தலைமையின்மீதும் இருந்தது.

இந்தக் குடையில் கறுப்பின மக்களும், அவர்களுக்கு வாக்குரிமை தர மறுத்த தென்மாநில வெள்ளையரும் ஒன்றாக இருந்தார்கள் என்பது அப்போதே பெரிய விரிசல். அது ஏன் தேசிய அளவில் பொருட்படுத்த வேண்டியதாக இருந்தது என்று புரிய, அதிபரைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சுருக்கமாக அறிய வேண்டும். மக்கள் அளிக்கும் வாக்குகள் மாநிலம் மாநிலமாக எண்ணப்படுகின்றன. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் மக்கள்தொகையைப் பெரும்பாலும் ஒட்டி இத்தனை தேர்வாளர் வாக்குகள் என்று ஒதுக்கீடு உண்டு. ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் முதலிடம் பெற்றவருக்கே அந்த மாநிலத்தின் வாக்குகள் முழுவதும் போகும். மொத்தம் 538இல் 270 பெற்றவர் அதிபர். எனவே ஒரு வட்டாரம் மொத்தமாகக் கட்சி மாறினால் தேர்தல் கணக்கே புரண்டுவிடும். தெற்கு அப்படிப்பட்ட வட்டாரம்.

தெற்கின் வெள்ளையர் ஜனநாயகக் கட்சியிலிருந்து விலகத் தொடங்கியதற்கு இனப் பிரச்சினையே முதன்மையான காரணம். 1948இல் கட்சி குடிமை உரிமைகளை ஆதரித்துத் தீர்மானம் போட்டபோது, தென் கரோலைனா ஆளுநர் ஸ்ட்ராம் தர்மண்ட் தனியாக அதிபர் தேர்தலில் நின்று நான்கு தென்மாநிலங்களை வென்றார். 1964 ஜூலையில் அதிபர் லிண்டன் ஜான்சன் குடிமை உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்டார். உணவகங்களிலும் விடுதிகளிலும் வேலையிலும் இனப் பாகுபாடு காட்டுவதை அது தடைசெய்தது. செனட் உறுப்பினராக இருந்த கோல்டுவாட்டர் அச்சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். அவர் தனிப்பட்ட முறையில் இனப் பிரிவினையை ஆதரித்தவர் அல்லர். தனியார் வணிகத்தில் மத்திய அரசு தலையிட அரசியலமைப்பு இடம்கொடுக்கவில்லை என்பதே அவர் சொன்ன காரணம். ஆனால் அந்த வாக்கைத் தெற்கு எப்படிப் படித்துக்கொண்டது என்பதை முடிவுகள் காட்டின. நாடெங்கும் மண்ணைக் கவ்விய அவருக்கு மிசிசிப்பியில் 87 விழுக்காடு வாக்குகள் விழுந்தன. சொந்த மாநிலமான அரிசோனாவைத் தவிர அவர் வென்ற ஐந்தும் ஆழ்தெற்கு மாநிலங்கள். கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலோர் வாக்களிக்கவே விடப்படாத மாநிலங்கள் அவை. அதே ஆண்டு தர்மண்ட் குடியரசுக் கட்சியில் சேர்ந்தார்.

தெற்கு ஒரே இரவில் மாறிவிடவில்லை. 1968இல் இனப் பிரிவினைக்குப் பெயர்போன ஜார்ஜ் வாலஸ் மூன்றாம் வேட்பாளராக நின்று ஐந்து மாநிலங்களைக் கைப்பற்றினார். 1976இல் ஜார்ஜியாவைச் சேர்ந்த ஜிம்மி கார்ட்டர் நின்றபோது, உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன பழைய தென்மாநிலங்களில் வர்ஜீனியா தவிர அனைத்தும் அவருக்குக் கிடைத்தன. ஊராட்சி, சட்டமன்ற அளவில் ஜனநாயகக் கட்சியின் பிடி 1990கள் வரை நீடித்தது. அதிபர் தேர்தலில்தான் மாற்றம் முதலில் தெரிந்தது. பழமைவாதத்தின் எழுச்சிக்கு இனவெறுப்பே முழுக் காரணம் என்று சொல்பவர்களோடும், அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று சொல்பவர்களோடும் என்னால் உடன்பட முடியவில்லை. வரியும் மதமும் இனத்தோடு சம்பந்தமில்லாத கேள்விகளையும் எழுப்பின. ஆனால் தெற்கின் வாக்குகள் இல்லாமல் அந்தக் கேள்விகள் இவ்வளவு பெரிய வெற்றிகளாக மாறியிருக்க வழியில்லை.

தோல்வி விட்டுச்சென்ற பெயர்ப்பட்டியல்

கோல்டுவாட்டரின் தோல்வி சில நல்ல விளைவுகளை அவருடைய இயக்கத்துக்கே தந்தது. தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு, அக்டோபர் 27 அன்று, ரீகன் அவருக்காகத் தொலைக்காட்சியில் அரை மணி நேரம் பேசினார். 1962 வரை ஜனநாயகக் கட்சியில் பதிவு செய்திருந்த ஒரு நடிகர் அந்த ஒரே பேச்சால் பழமைவாதிகளின் நம்பிக்கையாக ஆனார். இரண்டே ஆண்டுகளில் கலிபோர்னியாவின் ஆளுநராகவும் தேர்வாகிவிட்டார்.

இன்னொரு விளைவு வெளியே அதிகம் தெரியாதது. ரிச்சர்டு விகரி என்ற இளைஞர், கோல்டுவாட்டருக்கு 50 டாலருக்கு மேல் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர், முகவரி ஆகியவை வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபையின் அலுவலகத்தில் பொது ஆவணமாக இருப்பதை அறிந்தார். நகலெடுக்கும் வசதி அங்கே இல்லை. ஆகவே அவர் ஆட்களை அமர்த்தி, பன்னிரண்டாயிரம் பேர் அளவுக்கு அந்த விவரங்களைக் கையாலேயே எழுதி எடுத்தார். அந்தப் பட்டியலை வைத்து அவர் தபால் வழியே பணம் திரட்டும் தொழிலைத் தொடங்கினார். துப்பாக்கி உரிமை, கருக்கலைப்பு, பனாமா கால்வாயை அந்நாட்டிடம் ஒப்படைப்பது என ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒரு கடிதம் போகும். கோபமும் அச்சமும் கலந்த நடையில் எழுதப்பட்ட அக்கடிதத்தின் முடிவில் பத்தோ இருபதோ டாலர் அனுப்பும்படி வேண்டுகோள் இருக்கும். பணம் அனுப்பியவர் பெயர் பட்டியலில் தங்கும். அடுத்த கடிதமும் அவரைத் தேடிப் போகும். 1974இல் தனிநபர் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் 1,000 டாலருக்கு மேல் தரக் கூடாது என்று சட்டம் வந்ததும், பெரும் பணக்காரர்களை நம்பியிருந்தவர்கள் திணறினார்கள். சிறு நன்கொடையாளர் பட்டியலைக் கையில் வைத்திருந்தவர்கள் செழித்தார்கள்.

இதற்கிடையே 1968இல் ரிச்சர்டு நிக்சன் வென்றார். நகரக் கலவரங்கள், வியட்நாம் போருக்கெதிரான போராட்டங்கள், படுகொலைகள் ஆகியவற்றால் நாடு குலைந்திருந்த அந்த ஆண்டில் அவர் சட்டம் ஒழுங்கு என்ற முழக்கத்தை முன்வைத்தார். தெருவில் இறங்காமல், வேலைக்குப் போய், வரி கட்டி, அமைதியாக இருக்கும் பெரும்பான்மையின் குரல் தாம் என்று 1969இல் சொன்னார். 1972இல் 49 மாநிலங்களை வென்றார். ஆனாலும் அவரைப் பழமைவாதி என்று சொல்வது முழுப் பொருத்தமாகாது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையை நிறுவியதும் அவர்தான். 1971இல் சம்பளத்துக்கும் விலைக்கும் அரசுக் கட்டுப்பாடு விதித்ததும் அவர்தான். பழமைவாதிகளுக்கு அவர் தந்தது கொள்கை அன்று. யாரிடம் போய் வாக்குக் கேட்க வேண்டும் என்ற வழிகாட்டல். எதிர்க்கட்சி அலுவலகத்தில் நடந்த திருட்டு நுழைவை மூடிமறைக்க முயன்ற வாட்டர்கேட் ஊழலால் 1974 ஆகஸ்டில் அவர் பதவி விலகினார். அடுத்து வந்த ஜெரால்டு ஃபோர்டை எதிர்த்து 1976இல் ரீகன் கட்சிக்குள்ளேயே போட்டியிட்டு, கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகளின் வாக்கில் 1,187க்கு 1,070 என்ற கணக்கில் மயிரிழையில் தோற்றார்.

வரிச் சீற்றம்

1970களின் பொருளாதாரத்தை ஒதுக்கிவிட்டு இந்த எழுச்சியைப் புரிந்துகொள்ள முடியாது. விலைவாசி ஏறினால் வேலைவாய்ப்பும் கூடும், வேலையின்மை கூடினால் விலைவாசி அடங்கும் என்பதே அதுவரை அரசின் பொருளாதார வல்லுநர்கள் நம்பியிருந்த கணக்கு. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் விலைவாசியும் வேலையின்மையும் சேர்ந்தே ஏறின. 1980இல் பணவீக்கம் 13.5 விழுக்காட்டைத் தொட்டது; வேலையின்மை 7 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. நியூ டீல் காலத்திலிருந்து பொருளாதாரத்தை நிர்வகிக்கத் தெரிந்தவர்கள் என்ற பெயரை வைத்திருந்த ஜனநாயகக் கட்சியினரிடம் இதற்கு மருந்து இல்லை.

பணவீக்கம் வரியையும் சத்தமில்லாமல் உயர்த்தியது. ஒரு தொழிலாளியின் சம்பளம் பத்து விழுக்காடு உயர்கிறது, பொருள்களின் விலையும் பத்து விழுக்காடு உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் வாங்கக்கூடிய பொருளின் அளவு அப்படியே இருக்கிறது. ஆனால் வருமான வரிப் படிநிலைகள் விலைவாசிக்கு ஏற்ப மாற்றப்படாததால், காகிதத்தில் கூடிய சம்பளம் அவரை மேல்படிக்குத் தள்ளிவிடும். கூடுதல் விகிதத்தில் வரி கட்ட வேண்டியிருக்கும். எந்த நாடாளுமன்றமும் வாக்களிக்காமலே அவர் வரி உயர்ந்துவிட்டது. பணக்காரர்களின் கவலையாக இருந்த வரிப் பிரச்சினை ஆலைத் தொழிலாளியின் கவலையாகவும் மாறியது இப்படித்தான்.

கலிபோர்னியாவில் இது வெடித்தது. அங்கே வீட்டு விலைகள் விரைந்து ஏறியதால், வீட்டின் மதிப்பை வைத்துக் கணக்கிடப்படும் சொத்து வரியும் கூடவே ஏறியது. ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியவருக்கு வீடு மதிப்பேறியதால் கைக்கு ஒரு காசும் வரவில்லை; வரிக் கேட்பு மட்டும் வந்தது. ஹோவர்டு ஜார்விஸ் என்பவர் முன்னின்று நடத்திய இயக்கத்தால், ‘பதின்மூன்றாம் முன்மொழிவு’ 1978 ஜூன் 6 அன்று மக்கள் வாக்குக்கு விடப்பட்டு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் நிறைவேறியது. வரி சொத்து மதிப்பில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. 1975இன் மதிப்பையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். வீடு கைமாறும் வரை அந்த மதிப்பை ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. உள்ளாட்சிகளின் சொத்து வரி வருவாய் பாதிக்கு மேல் வீழ்ந்தது. பள்ளிகளும் நூலகங்களும் அதன் விலையைக் கொடுத்தன என்பது என் வருத்தம். இருந்தாலும் அந்த முதியவரின் குறை பொய்யானது அன்று. அதைக் காலத்தில் தீர்க்கத் தவறிய மாநில அரசியல்வாதிகளுக்கும் அந்த விலையில் பங்கு உண்டு. வரிக் குறைப்பு என்பது வாக்கு ஈட்டும் முழக்கம் என்று நாடு முழுவதும் உள்ள அரசியல்வாதிகள் அன்று கற்றுக்கொண்டார்கள்.

தேவாலயத்திலிருந்து வாக்குச்சாவடிக்கு

இவாஞ்சலிக்கல் என்று அழைக்கப்படும், மறுபிறப்பு அனுபவத்தை வலியுறுத்தும் புராட்டஸ்டண்ட் கிறித்தவர்கள் நெடுங்காலம் அரசியலிலிருந்து விலகியே நின்றார்கள். போதகர்கள் ஆத்துமாக்களைச் சேர்க்க வேண்டுமே தவிர ஊர்வலம் போகக் கூடாது என்று வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் நகரப் போதகர் ஜெரி ஃபால்வெல் 1965இல் பிரசங்கித்தார். குடிமை உரிமை ஊர்வலங்களில் நடந்த போதகர்களைக் குறைகூறிச் சொன்னது அது. 1979இல் அதே ஃபால்வெல் ‘மாரல் மெஜாரிட்டி’ என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கினார்.

இடையில் பல நிகழ்ந்தன. அரசுப் பள்ளிகளில் அரசு வகுத்த ஜெபம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1962இல் தீர்ப்பளித்தது. 1973 ஜனவரியில் கருக்கலைப்பை அரசியலமைப்பு காக்கும் உரிமையாக அது அறிவித்தது. அத்தீர்ப்பை முதலில் வலுவாக எதிர்த்தவர்கள் கத்தோலிக்கர்கள்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; தென் பாப்டிஸ்டு மாநாடு என்ற பெரிய புராட்டஸ்டண்ட் திருச்சபை அமைப்பு 1971இல் சில சூழல்களில் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்றே தீர்மானம் போட்டிருந்தது. இன அடிப்படையில் மாணவர்களைச் சேர்க்க மறுக்கும் தனியார் பள்ளிகளின் வரிவிலக்கை ரத்து செய்யும் நடவடிக்கைகள் 1970களில் வந்தபோது, தெற்கில் கிறித்தவப் பள்ளிகளை நடத்தியவர்கள் மத்திய அரசு தங்கள் வாசலுக்கே வந்துவிட்டதாகக் கருதினார்கள். பால் வைரிக் போன்ற அமைப்பாளர்கள் இந்தச் சினத்தைக் கருக்கலைப்பு எதிர்ப்போடு இணைத்து ஓர் இயக்கமாக ஆக்கினார்கள்.

பெண்களின் பங்கு இதில் பெரியது. ஆண், பெண் சம உரிமையை அரசியலமைப்பில் எழுதும் திருத்தம் 1972இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 38 மாநிலங்களின் ஒப்புதலை நாடி நின்றது. இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஃபிலிஸ் ஷ்லாஃப்லி அதற்கெதிராக இல்லத்தரசிகளைத் திரட்டினார். இத்திருத்தம் பெண்களைக் கட்டாய ராணுவச் சேவைக்கு இழுக்கும், கணவனின் ஆதரவைப் பெறும் உரிமையைப் பறிக்கும் என்பது அவர் வாதம். அவரது பெண்கள் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வீட்டில் சுட்ட ரொட்டியும் ஜாமும் கொண்டுபோய்க் கொடுத்து ஆதரவு கேட்டார்கள். 35 மாநிலங்களோடு திருத்தம் நின்றுபோய், 1982இல் காலாவதியானது. அதற்கு நாற்பது ஆண்டுகளாக ஆதரவு சொல்லிவந்த குடியரசுக் கட்சி, 1980 தேர்தல் அறிக்கையில் அந்த ஆதரவைக் கைவிட்டது.

1980 தேர்தலில் இந்த வாக்காளர்கள் முன் நின்ற இருவரையும் ஒப்பிட்டால் அரசியல் எப்படி இயங்குகிறது என்பது தெரியும். கார்ட்டர் பாப்டிஸ்டு ஞாயிறு பள்ளி ஆசிரியர். மறுபிறப்பு அடைந்த கிறித்தவர் என்று தம்மை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர். ரீகன் மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்தவர். 1967இல் கலிபோர்னியாவின் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தும் மசோதாவில் கையெழுத்திட்டவர். 1980 ஆகஸ்டில் டல்லாஸில் பல்லாயிரம் போதகர்களும் விசுவாசிகளும் கூடிய மாநாட்டில், நீங்கள் என்னை ஆதரிப்பதாக அறிவிக்க முடியாது என்பது தெரியும், ஆனால் நான் உங்களை ஆதரிக்கிறேன் என்ற பொருளில் ரீகன் பேசினார். அரங்கம் அதிர்ந்தது. வேட்பாளரின் சொந்த வாழ்க்கையைவிட, அவர் யார் பக்கம் நிற்பதாக அறிவிக்கிறார் என்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

1980இல் எல்லாம் சேர்ந்தன

வெளிநாட்டு நிகழ்ச்சிகளும் கார்ட்டருக்கு எதிராகத் திரும்பின. 1979 நவம்பர் 4 அன்று தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. 52 அமெரிக்கர்கள் 444 நாள்கள் பணயக் கைதிகளாக இருந்தார்கள். டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. ஜீன் கிர்க்பாட்ரிக்கைப் போல, உள்நாட்டில் நலத்திட்டங்களை ஆதரித்தாலும் சோவியத் விஷயத்தில் தம் கட்சி தளர்ந்துவிட்டதாக நினைத்த ஜனநாயகக் கட்சியினர் சிலரும் ரீகனிடம் வந்தார்கள்.

மக்கள் இடம்பெயர்ந்ததும் அவருக்குத் துணைநின்றது. வடகிழக்கின் ஆலைகள் மூட மூட, ராணுவத் தொழிற்சாலைகளும் குளிர்சாதன வசதியும் புதிய புறநகர்களும் பெருகிய தெற்கு, மேற்கு மாநிலங்களுக்கு மக்கள் போனார்கள். 1960இல் நியூயார்க்குக்கு 45 தேர்வாளர் வாக்குகளும் கலிபோர்னியாவுக்கு 32உம் இருந்தன. 1984இல் அவை முறையே 36, 47 ஆயின. புளோரிடா பத்திலிருந்து 21க்குப் போனது. பழமைவாதம் வேரூன்றிய மண்ணே தேர்தல் கணக்கில் கனம் பெற்றது.

1980 ஆகஸ்டில் ரீகன் மிசிசிப்பியின் நெஷோபா மாவட்டச் சந்தைத் திருவிழாவில் பேசினார். 1964இல் மூன்று குடிமை உரிமைத் தொண்டர்கள் கொல்லப்பட்ட ஊர் அருகிலேயே இருந்தது. அங்கே அவர் மாநில உரிமைகளில் நம்பிக்கை உடையவன் என்று சொன்னார். இனப் பிரிவினையைக் காக்க நின்றவர்கள் பல்லாண்டுகள் பயன்படுத்திய சொற்கள் அவை. கூடியிருந்தவர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. அக்டோபர் 28 அன்று கிளீவ்லாண்டில் கார்ட்டருடன் நடந்த ஒரே விவாதத்தின் முடிவில், நான்கு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று பார்வையாளர்களைக் கேட்டார். ஒரு வாரத்தில் தேர்தல். ரீகனுக்கு 489 தேர்வாளர் வாக்குகள், கார்ட்டருக்கு 49. செனட் சபையும் கால் நூற்றாண்டுக்குப் பின் குடியரசுக் கட்சியிடம் வந்தது. மக்கள் வாக்கில் ரீகன் பெற்றது 51 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு என்பதையும் கவனிக்க வேண்டும். தேர்வாளர் முறை அதைப் பெருவெள்ளமாகக் காட்டியது.

இந்த வெற்றியின் ஆழத்தை அளக்க மிச்சிகனின் மெக்கோம் மாவட்டத்தைப் பார்க்கலாம். டெட்ராய்ட்டை ஒட்டிய இப்பகுதியில் கார் ஆலைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், நிறைந்திருந்தார்கள். 1960இல் ஜான் கென்னடிக்கு 63 விழுக்காடு வாக்களித்த மாவட்டம் அது. 1984இல் மூன்றில் இரண்டு பங்கினர் ரீகனுக்கு வாக்களித்தார்கள். ஜனநாயகக் கட்சிக்காகக் கருத்துக்கணிப்பாளர் ஸ்டான்லி கிரீன்பெர்க் 1985இல் அங்கே நடத்திய ஆய்வில், தங்கள் கட்சி தங்களை விட்டுவிட்டுக் கறுப்பின மக்களுக்காகவும் ஏழைகளுக்காகவும் மட்டும் உழைக்கிறது என்ற எண்ணம் அவர்களிடம் ஊறிப்போயிருந்தது வெளிப்பட்டது. வேலை பறிபோகும் அச்சமும் இனக் கசப்பும் அவர்கள் பேச்சில் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன.

ஆட்சிக்கு வந்த பழமைவாதம் சொன்னதில் எதைச் செய்தது? உச்ச வருமான வரி விகிதம் 1981இல் 70இலிருந்து 50 விழுக்காடாகவும், 1986 சட்டத்தால் 28 ஆகவும் குறைந்தது. வரிப் படிநிலைகள் பணவீக்கத்தோடு இணைக்கப்பட்டன. 1981 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த வான்வழிக் கட்டுப்பாட்டாளர்கள் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோரை ரீகன் வேலைநீக்கம் செய்தார். முந்தைய ஆண்டு தேர்தலில் அவரை ஆதரித்த தொழிற்சங்கம் அது. நடிகர் சங்கத் தலைவராக இருந்த ஒருவர் கையால் தொழிற்சங்க இயக்கத்துக்கு விழுந்த இந்த அடியிலிருந்து அது மீளவே இல்லை. கார்ட்டர் நியமித்த மத்திய வங்கித் தலைவர் பால் வோல்க்கர் வட்டியைக் கடுமையாக உயர்த்தியதால் பணவீக்கம் அடங்கியது. அதற்கு விலையாக 1982 இறுதியில் வேலையின்மை 10.8 விழுக்காட்டை எட்டியது.

அரசின் அளவு மட்டும் சுருங்கவில்லை. ராணுவச் செலவு கூடியது, வரி குறைந்தது, நாட்டின் கடன் எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று மடங்கானது. சமூகப் பாதுகாப்பைக் கலைக்க வேண்டும் என்ற பழைய கனவை ரீகனே கைவிட்டு, 1983இல் அதற்கான வரியை உயர்த்தி அதைக் காப்பாற்றினார். தங்களுக்குப் பயன்படாத அரசைச் சுருக்கச் சொன்ன வாக்காளர்கள், தங்கள் ஓய்வூதியத்தில் கைவைக்க விடவில்லை. மதவாதிகள் கேட்ட பள்ளி ஜெபத் திருத்தமும் கருக்கலைப்புத் தடையும் வரவேயில்லை. அவர்களுக்குக் கிடைத்தது நீதிமன்ற நியமனங்கள்; 1986இல் உச்ச நீதிமன்றத்தில் ரென்குவிஸ்ட் தலைமை நீதிபதியாகவும் ஸ்கலியா நீதிபதியாகவும் ஆனார்கள். 1987இல் அதே நீதிமன்றத்துக்குப் பழமைவாதியான ராபர்ட் போர்க்கின் நியமனத்தைச் செனட் 58க்கு 42 என்று நிராகரித்தது.

1988இல் துணை அதிபர் ஜார்ஜ் புஷ் 40 மாநிலங்களில் வென்றார். புதிய வரி இல்லை என்று மாநாட்டு மேடையில் உறுதி சொன்ன அவர், பற்றாக்குறையைச் சமாளிக்க 1990இல் வரியை உயர்த்த ஒப்புக்கொண்டார். சொந்தக் கட்சியினர் அதை மன்னிக்கவில்லை. சோவியத் ஒன்றியம் 1991இல் மறைந்ததும், மூன்று வகையினரையும் கட்டிவைத்திருந்த பொது எதிரியும் இல்லாமல் போயிற்று. 1992இல் பழமைவாத எழுத்தாளர் பேட் புகேனன், தடையற்ற வணிகத்தையும் குடியேற்றத்தையும் எதிர்த்து, கட்சிக்குள்ளேயே புஷ்ஷுக்கு எதிராக நின்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வேட்பாளர் தேர்வில் 37 விழுக்காடு பெற்றார். நவம்பரில் ராஸ் பெரோ என்ற சுயேச்சை வேட்பாளர் ஏறத்தாழ 19 விழுக்காட்டைப் பெற, 43 விழுக்காட்டோடு பில் கிளின்டன் அதிபரானார்.

ஆனால் கிளின்டன் வென்ற வழியைப் பார்க்க வேண்டும். அவர் தெற்கத்திய ஆளுநர். தம் கட்சியை நடுப்பகுதிக்கு நகர்த்த 1985இல் அமைக்கப்பட்ட ஜனநாயகத் தலைமை மன்றத்தின் தலைவராக இருந்தவர். இருக்கும் வடிவில் ஏழைகளுக்கான பொதுநல உதவியை முடித்துவைப்பேன் என்று வாக்குக் கேட்டவர். 1994இல் நியூட் கிங்ரிச் தலைமையில் குடியரசுக் கட்சி நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பிரதிநிதிகள் சபையைக் கைப்பற்றியதும் அவர் இன்னும் வலப்பக்கம் நகர்ந்தார். பெரிய அரசின் காலம் முடிந்துவிட்டது என்று 1996 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். பொதுநல உதவிச் சீர்திருத்த மசோதாவை இரண்டு முறை திருப்பி அனுப்பியவர், மூன்றாவது முறை வந்ததில் 1996 ஆகஸ்ட் 22 அன்று கையெழுத்திட்டார். உதவி பெறுபவர் வேலைக்குப் போயாக வேண்டும், வாழ்நாளில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மத்திய அரசின் உதவிப்பணம் கிடையாது என்று அச்சட்டம் வரையறுத்தது. அதனால் ஒழிந்துபோனது, ஏழைக் குழந்தைகளுக்காக ரூஸ்வெல்ட் காலத்தில், 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலேயே தொடங்கப்பட்ட உதவித் திட்டம்.